அழிக்க மூன்று

02.03.2025, ஞாயிறு

கைபேசியின் கொம்பொக்ஸ், குரல் செய்திகள் விழும் பெட்டி, மறுபடியும் நிரம்பிவிட்டது. புதிதாக அழைப்பு எடுப்பவர்களுக்கு இடமில்லை என்று அந்தப் பெண்குரல் டொச்சில், ஜெர்மன் மொழியில், சொல்கிறது. காலையில் தேத்தண்ணீரோடு இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு அழித்தேன். சேமிக்க இரண்டு, அழிக்க மூன்று. அரைவாசிக் காலை மூன்றை அழுத்துவதிலேயே போய்விட்டது.

எனக்கென்று வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் நூலகத்திலிருந்து, புத்தகம் திருப்பித் தரவில்லையாம். மற்றதெல்லாம் அம்மாவுக்கு, மாமாவுக்கு, மாமாவின் சிநேகிதர்களுக்கு. அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையிலிருந்து நேர மாற்றம். மாமாவின் கண் டொக்டர். கலாவதி அன்ரியின் சலவை மெஷினைத் திருத்த வருகிறவன் இரண்டு தரம் எடுத்து, இரண்டாம் தரம் நல்லாய்ச் சினந்திருக்கிறான். கலாவதி அன்ரி எனக்கு யார்? கோயிலில் அம்மாவோடு பூக்கட்டுகிறவர். அவ்வளவுதான்.

பதின்மூன்று வயதில் எனக்குக் கைபேசி வாங்கித் தந்தபோது பரிசு என்று துள்ளினேன். குடும்பம் தன் அலுவலக வேலைக்கு ஒரு கந்தோர் திறக்கிறது என்று அப்போது விளங்கவில்லை. அன்றிலிருந்து யார் எந்தப் படிவம் நிரப்பினாலும் தொலைபேசி இலக்கம் என்ற இடத்தில் என் இலக்கம். கேட்டால், "உன்ர நம்பரைத்தான் குடுத்தனான் பிள்ளை, நீ வடிவாக் கதைப்பாய்தானே" என்பார்கள், எனக்கு ஏதோ பட்டம் தந்த மாதிரி. தம்பி பானுஜன் இங்கேயே பிறந்தவன். என்னைவிட நன்றாக டொச் கதைப்பான். அவனுடைய இலக்கம் யாருடைய படிவத்திலும் இல்லை. அவன் பிஸியாம்.

இன்று துப்புரவாக்கியதற்குக் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். இங்கே ஊஸ்டரிலேயே, மூன்றாம் மாடி, ஒன்றரை அறை, சமையலறை ஜன்னலில் வெயில். வீட்டு நிர்வாகத்துப் பெண்ணுக்கு என்னைப் பிடித்துவிட்டது. செவ்வாய் போல எடுப்போம், வியாழன் மதியத்துக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றாள். எனக்கு ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகள் கிருமிநீக்கும் பகுதியில் வேலை. கைபேசி லொக்கருக்குள்தான் கிடக்கும். அவள் எடுத்தால் கொம்பொக்ஸில்தான் விழும். அதில் இடம் இருக்க வேண்டும்.

விவாகரத்தாகி இரண்டு வருடம். அம்மாவின் வீட்டில், அரிசி மூட்டைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் கட்டில் போட்டுப் படுக்கிறேன். முப்பத்துமூன்று வயது. எனக்கு அந்த வீடு வேண்டும்.

04.03.2025, செவ்வாய்

இன்றைக்கென்று பார்த்துக் கைபேசியை வீட்டில் சார்ஜில் விட்டுவிட்டுப் போனேன். ரயிலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. நாள் முழுக்க வேலையில் மனம் இல்லை. கத்தரிக்கோல் தட்டை இரண்டு தரம் எண்ணினேன்.

வந்தவுடன் பார்த்தேன். தவறிய அழைப்புகளில் இரண்டு இலக்கம் மறைத்தவை. உடனே கொம்பொக்ஸைக் கூப்பிட்டேன். எல்லாம் தமிழ். மாமா தேர்த்திருவிழாவுக்கு பஸ் பிடிப்பது பற்றி, பானுஜன் சும்மா, கலாவதி அன்ரி மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு மண்டபத்துக்கு விலை விசாரிக்கச் சொல்லி. நிர்வாகத்திடமிருந்து ஒன்றும் இல்லை.

அம்மா வடை சுட்டுக்கொண்டு நின்றா. ஆரும் எடுத்தவையோ என்று கேட்டேன். "உனக்கு ஆர் எடுக்கிறது" என்று எண்ணெய்ச்சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னா. வடை நல்ல முறுகல். ஐந்து தின்றேன்.

05.03.2025, புதன்

ஒன்றும் வரவில்லை. இடைவேளையில் லொக்கருக்கு ஓடிப்போய்ப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தேன். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களோ? அப்படியென்றால் சொல்லமாட்டார்களா? இந்த நாட்டில் இல்லை என்பதையும் கடிதம் போட்டுத்தானே சொல்வார்கள்.

06.03.2025, வியாழன்

மாமா வந்து கத்திவிட்டுப் போனார். கண் டொக்டர் இன்றைய நேரத்தை அடுத்த கிழமைக்கு மாற்றி எனக்கு அறிவித்திருக்கிறாராம். நான் சொல்லவில்லையாம். மாமா சூரிச்சுக்குப் போய், டொக்டரின் பூட்டின அறைக்கு முன்னால் நின்று, திரும்பி வந்தாராம்.

"நீ கேட்டுப்போட்டு எனக்குச் சொல்லாமல் விட்டிட்டாய்."

"எனக்கு அப்பிடி ஒண்டும் வரேல்லை மாமா."

"அவள் கிளார்க் செவ்வாய்க்கிழமை மெசேஜ் விட்டனாங்கள் எண்டு எழுதிக் காட்டினவள். நான் என்ன குருடனே?"

கண் டொக்டரிடம் போகிறவர் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது. முப்பத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இருக்கிறார். காலை வணக்கம் தவிர டொச்சில் ஒரு வசனம் சேர்ந்தாற்போல் சொல்லமாட்டார். அதற்கும் நான்தான் குற்றவாளி.

மதியமும் கடந்துவிட்டது. அவர்கள் பிந்துகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

07.03.2025, வெள்ளி

இடைவேளையில் நிர்வாகத்துக்கு எடுத்தேன். அதே பெண்தான். குரலில் கொஞ்சம் மனத்தாங்கல். செவ்வாய்க்கிழமை காலையிலேயே வீடு உங்களுக்குத்தான் என்று சொல்லி மெசேஜ் விட்டோம், வியாழன் மதியம் வரை பார்த்தோம், பதில் இல்லை, நேற்றுப் பின்னேரம் இன்னொருவர் கையெழுத்து வைத்துவிட்டார் என்றாள். உங்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்தோமாம்.

வீடு எனக்குத்தான் கிடைத்திருக்கிறது. இரண்டு நாள் அது என் வீடாக இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

நிர்வாகமும் செவ்வாய். கண் டொக்டரும் செவ்வாய். இரண்டும் டொச். மிஞ்சிக் கிடந்ததெல்லாம் தமிழ்.

கைபேசி அன்றைக்கு வீட்டில். அம்மாவும் வீட்டில்.

மூன்றை அழுத்தினால் அழியும் என்று அம்மாவுக்குத் தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ரொட்டிக்கு மா குழைத்த கையோடு நின்று, "அம்மா, மூண்டை அமத்துங்கோ" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

தொலைபேசிக் கொம்பனிக்கு எடுத்துக் கேட்டேன். அழித்தது அழித்ததுதானாம்.

08.03.2025, சனி

கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. கை நிற்கவில்லை.

"ஓம், நான்தான் அழிச்சனான். உன்ர பெட்டி நிரம்பிப்போச்சுதெண்டு மாமா சொன்னவர்."

பொய். ஞாயிறுதானே துப்புரவாக்கினேன். மாமாவின் பஸ் கதை செவ்வாய்க்கிழமை அதே பெட்டியில்தானே வந்து விழுந்தது. நிரம்பின பெட்டியில் எப்படி விழும்? அதைச் சொன்னேன். அம்மா அடுத்த கட்டுக் கீரையை அவிழ்த்தா.

"டொச்சில வாறதெல்லாம் கந்தோர்காரர்தானே. அவங்கள் பிறகு கடிதமும் போடுவாங்கள். எங்கட ஆக்கள் கதைச்சதை அழிக்கலாமே? அதுகளை வைச்சிட்டு மற்றதை அழிச்சன்."

இது உண்மையாக இருக்கலாம் என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. அம்மாவின் கணக்கில் தமிழில் சொன்னது சொந்தம், டொச்சில் சொன்னது தொல்லை. எங்கள் வீடுகளில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் செய்வார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"அவள் வோனுங் எண்டு சொன்னவளோ?"

கீரை ஆய்ந்த கை நின்றது.

"சொன்னவள்."

"உங்களுக்கு விளங்கினதோ?"

"இருபத்தெட்டு வருசம் இஞ்ச இருக்கிறன். வோனுங் எண்டால் வீடெண்டு விளங்காதே எனக்கு?"

விளங்கித்தான் அழித்திருக்கிறா. விளங்கித்தான் வடை சுட்டிருக்கிறா. எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டன். தனிய இருக்கிற பொம்பிளையைச் சனம் என்ன கதைக்கும் எண்டு துடங்குவா எண்டு நினைச்சன். அதுக்கு என்னட்டப் பதில் இருந்தது. அம்மா அதைச் சொல்லேல்லை.

"நீ போனா இந்த டெலிபோனுக்கெல்லாம் ஆர் பதில் சொல்லுறது?"

நான் இல்லாமல் இருக்கேலாது எண்டு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. பொய்யா எண்டாலும் சொல்லியிருக்கலாம். நான் போறது ஒரு பிரச்சினையும் இல்லை. டெலிபோன் போறதுதான் பிரச்சினை. மகளைப் பெத்தவவோ, கிளார்க்கைப் பெத்தவவோ?

09.03.2025, ஞாயிறு

வீட்டில் யாரும் யாரோடும் கதைக்கவில்லை. கைபேசி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

21.03.2025, வெள்ளி

ஒரு நாள் லீவு எடுத்தேன். எனக்காக எடுக்கவில்லை, என்னை எல்லா இடத்திலிருந்தும் வெட்டி எடுக்க எடுத்தேன். கெமைண்டே என்கிற ஊராட்சிக் கந்தோர், குடும்ப டொக்டர், கண் டொக்டர், மருத்துவக் காப்புறுதி, அம்மாவின் வேலையிடம், சலவை மெஷின்காரன். எல்லோரிடமும் ஒரே வசனம்: இந்த இலக்கம் இனி வேண்டாம், இதோ தம்பியின் இலக்கம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அவ்வளவு சுகமான வேலையை இருபது வருடமாகச் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

29.03.2025, சனி

பானுஜன் தான் இருக்கும் எம்மன்புரூக்கேயிலிருந்து எடுத்தான். நல்ல கோபம்.

"அக்கா, என்ன விளையாட்டிது? நான் மீட்டிங்கில இருக்கிறன், மாமாவின்ர கண் டொக்டர் எடுக்கிறா. ஆரோ வோஷிங் மெஷின் எண்டு எடுத்துப் பேசுறான். எனக்கு வேலை இருக்கு."

"எனக்கும் இருந்தது."

"உனக்குப் பழக்கம்தானே."

கைபேசியை வைத்துவிட்டேன். பழக்கமாம். நாய்க்கும்தான் சங்கிலி பழக்கம்.

அம்மா செய்தது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

06.05.2025, செவ்வாய்

வீடு கிடைத்துவிட்டது. ஊஸ்டரின் மற்றப் பக்கம், நிலமட்டம், ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். வெயில் வராது. அந்த மூன்றாம் மாடிச் சமையலறையை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. அங்கே குடிவந்தவர் யாரோ, நல்லாய் இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாமாவிடம் அம்மா சொல்லியிருக்கிறா. "தாயைத் தனிய விட்டிட்டு என்ன பிள்ளை" என்று வந்து கேட்டார். அம்மாவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறவர் அவர். நான் போனாலும் பஸ்ஸில் பத்து நிமிடத் தூரம். யார் யாரைத் தனிய விடுவது?

31.05.2025, சனி

வேலையிடத்து ரிஷானி தன் வானைக் கொண்டுவந்து உதவினாள். கட்டில், துணிப்பெட்டி இரண்டு, பாத்திரப்பெட்டி ஒன்று. அம்மா அறையைவிட்டு வெளியே வரவில்லை. கதவடியில் நின்று போறன் என்று சொன்னேன். வாறன் என்றுதான் சொல்ல வேண்டும். தெரிந்துதான் போறன் என்றேன்.

15.06.2025, ஞாயிறு

இங்கே வந்த அன்றே புது இலக்கம் எடுத்தேன். வேலையிடத்துக்கும் வீட்டு நிர்வாகத்துக்கும் ரிஷானிக்கும் மட்டும். இரண்டு கிழமையாக அது அடிக்கவே இல்லை. முதலில் பழுது என்று நினைத்துவிட்டேன்.

பழைய சிம் பழைய கைபேசியில் கிடக்கிறது. ஒலியை அணைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொம்பொக்ஸை மட்டும் கூப்பிட்டுத் துப்புரவாக்குகிறேன். மாமாவின் "எட பிள்ளை" என்ற முதல் சொல் வந்தவுடன் மூன்று. கலாவதி அன்ரி மூச்சு எடுக்கும்போதே மூன்று. அம்மா ஒவ்வொரு கிழமையும் நாலைந்து விட்டிருக்கிறா. "பிள்ளை" என்று தொடங்குவா. மூன்று. என்ன சொன்னா என்று எனக்குத் தெரியாது. காகிதம் ஏதாவது வந்திருக்கும், வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

குற்றவுணர்வு வருமென்று பார்த்தேன். வரவில்லை. அம்மாவும் இப்படித்தான் நிம்மதியாக அழுத்தியிருப்பா.

13.07.2025, ஞாயிறு

அம்மாவிடமிருந்து எட்டு. எல்லாம் மூன்று.

10.08.2025, ஞாயிறு

அம்மாவிடமிருந்து ஒன்றும் இல்லை. நல்லது. மாமா மட்டும் இரண்டு.

31.08.2025, ஞாயிறு

இன்று மூன்று இருந்தன. முதலாவது மாமா. அழித்தேன். இரண்டாவது வெறும் இரைச்சல். மூன்றாவது "குட்டன் டாக்" என்று டொச்சில் தொடங்கியது. விரல் நின்றுவிட்டது. ஏதோ ஒரு கந்தோருக்கு இலக்கம் மாற்ற மறந்துபோய்விட்டேன் என்று நினைத்து முழுக்கக் கேட்டேன்.

"குட்டன் டாக். ஹியர் இஸ்ட் ஞானேஸ்வரி. இஷ் பின் முட்டர். வோனுங் கூட்? எஸ்ஸன் கூட்? பிட்டெ டெலிபோன். டாங்கெ."

வணக்கம், இங்கே ஞானேஸ்வரி, நான்தான் தாய். வீடு நல்லதோ, சாப்பாடு நல்லதோ, தயவுசெய்து எடுக்கவும், நன்றி.

யாரும் பின்னால் நின்று சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லுக்குச் சொல் நடுவில் நின்று யோசிப்பது கேட்கிறது. தமிழில் விட்டதெல்லாம் அழிந்துபோகிறது, டொச்சில் வந்தால் இவள் கேட்பாள் என்று கணக்குப் போட்டிருக்கிறா. கணக்குச் சரிதான். நான் கேட்டேன்.

தனக்கு வந்த காகிதம் பற்றி ஒன்றும் இல்லை. யாருடைய நேரம் மாற்றமும் இல்லை. இன்னொரு தரம் போட்டுப் பார்த்தேன். இல்லை.

சேமிக்க இரண்டு, அழிக்க மூன்று என்றது அந்தப் பெண்குரல். ஒன்றையும் அழுத்தாமல் வைத்துவிட்டேன். அப்படி விட்டால் பெட்டி கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுத் தானாகவே அழித்துவிடும். அம்மாவுக்கு எடுக்கவில்லை.