அண்ணன் சட்டைப்பையில் இருந்தது

அம்மா, துவைக்க வந்த ஒரு சட்டையின் பை கனத்தது. உள்ளே அண்ணனின் வீரப் பதக்கம் இருந்தது. உங்கள் இருமல் நின்றதா?

பூகன்வில் தீவுப் போரில் குண்டடிபட்ட மூவரைச் சுமந்து வந்த அண்ணன், இப்போது நான் துணி துவைக்கும் சுவா மருத்துவமனையில்தான் இருக்கிறான். கால் ஆறிவருகிறது, பயப்படாதீர்கள். நம் வழக்கப்படி வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேரில் பேசக்கூடாதே, அதனால் பதக்கத்தைச் செவிலி மெரெயானியிடம் கொடுத்தனுப்பினேன்.

"நான் என்ன உங்க வீட்டுத் தபால்காரியாடி?" என்று சிரித்துக்கொண்டு போனவள் பதக்கத்தோடு திரும்பினாள். "கடல்ல வீசச் சொல்றாரு. நாலாவது ஆளை விட்டுட்டு வந்துட்டேன்னு அழுறாரு."

என் பாயை அனுப்புங்கள், இங்கே தூக்கம் பிடிக்கவில்லை. வேலை மணி அடித்துவிட்டது.

பதக்கம் என்னிடம்தான் இருக்கிறது. அன்று இருப்புக்கொள்ளாமல் அவன் கட்டிலருகே போனேன். முதுகைக் காட்டியபடி தரையில் உட்கார்ந்து, அவன் அழுகை ஓயும்வரை எழுந்திருக்கவில்லை.

லிட்டியானா