தானே திறக்கும் இழுப்பறை

புதன்கிழமை, இரவு.

அப்பா செய்த மேசையில் இழுப்பறைகள் அவ்வளவு கச்சிதம். கீழறையை மூடினால் உள்ளே அடைபட்ட காற்று மேலறையைத் தானாக வெளியே தள்ளும். நேற்று மேலறையில் ரப்பர் பல்லியை வைத்தேன். பாலிஷ் போடும் பாபன்-தா குனிந்தபோது கீழறையை மூடினேன். பல்லி எட்டிப் பார்த்தது, நான் பல்லைக் காட்டினேன். அவர் துள்ளியதில் ஸ்பிரிட் பாட்டில் கவிழ்ந்தது. ஒரு வாரம் தேய்த்த பளபளப்பு பாதி மேசைக்குக் கரைந்துபோனது.

அப்பா ஓடி வந்தார். "கண்ண எங்க வச்சிருந்த? நாளன்னிக்கு சால்ட் லேக் பார்ட்டிக்கு மேசையைக் கொடுக்கணுமே!"

"கை வழுக்கிடுச்சு, காகு." அப்பாவைச் சித்தப்பா முறையில் அப்படி அழைக்கும் பாபன்-தா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இப்படித்தான் வேலை செய்வேன்னா நாளைலேர்ந்து வராத."

இன்று பாபன்-தா சாந்த்ராகாச்சி வீட்டிலிருந்து வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மாலையில் அப்பா எழுந்துபோன பிறகு பட்டறையில் நான் மட்டும் இருந்தேன். கீழறையை மூடினேன். மேலறை சமத்தாக வெளியே வந்தது. பயப்பட ஆளில்லை. "ஏய் பாந்தோர்" என்று என்னைக் குரங்காக்கவும் ஆளில்லை.

மேலறைக்குள் பல்லியும் இல்லை. அப்பா கண்ணில் படக் கூடாதென்று பாபன்-தாதான் எடுத்துப்போயிருக்கிறார்.

பக்கத்து அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. இங்கிருந்தே "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"என்னடி, இன்னும் தூங்கலையா?" என்கிறார். எழுந்து போகிறேன்.