லேபிளின் பின்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

கடைவாய்ப் பல் வலி குறைந்திருக்கிறது. நேற்று எழுதியதை இன்று படித்துப் பார்த்தேன். எனக்கே புரிகிறது. முன்னேற்றம்தான்.

மதியம் ஒரு அம்மா வீடு தேடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் இரண்டு கேமரா, கையில் மடக்கிய முக்காலி. பழைய பரிசோதனைக் கூடத்தைப் படம் எடுக்க வேண்டுமாம். இந்த ஊர்க் குடிநீரில் காய்ச்சல் கிருமி இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்த இடம் அது. பூட்டி இருபது வருடம் ஆகிறது. அடுத்த மாதம் சாமான்களைக் காலி செய்யப் போகிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் படம் எடுத்துப் புத்தகமாகப் போடுகிறார்கள். அலுவலகத்தில் சாவி கேட்டு நாலு மேஜை அலைந்திருக்கிறார். நாலாவது மேஜையில் என் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

சாவி எங்கள் சமையலறை ஆணியில், வடிகட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கூடத்தைப் பூட்டிய அன்று கடைசியாக வெளியே வந்தவன் நான். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள் என்றாள் மனைவி. நானும் கூடவே வருகிறேன் என்று படக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருடம் அங்கே கூட்டித் துடைத்துப் பாட்டில் கழுவியவன். எந்தக் கதவைத் தூக்கித் திறக்கணும், எதை உதைத்துத் திறக்கணும் என்று வேறு யாருக்குத் தெரியும்?

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு எழுதுகிறேன். விரல் வலிக்கிறது.

மார்ச் 6, வியாழன்

கதவு மூன்றாவது உதையில் திறந்தது. உள்ளே தூசி என்றால் அப்படி ஒரு தூசி. நடந்தால் கால் பதிகிறது. எனக்கு மானமே போனது போல இருந்தது. படக்காரம்மாவோ வாசலிலேயே நின்று, கோயிலுக்குள் வந்த மாதிரி மெதுவாக மூச்சு விட்டார். முதல் நாள் எதையும் தொடாமல், சுவர் சுவராக, அலமாரி அலமாரியாக எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்வாராம். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு படம்.

நான் சும்மா நிற்கவில்லை. கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படித்தேன். மின்விசிறியின் நடுவில் எழுத்து இருக்கிறது, தெரியுமா? பூட்டில்கூட இருக்கிறது. கழுவுதொட்டிக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வாசகம் மாட்டியிருக்கும். விஞ்ஞானத்தைப் பற்றிய பெரிய வாக்கு என்று நினைத்து வாரம் தவறாமல் துடைத்து வைத்திருந்தேன். இன்றுதான் படித்தேன். 'தொட்டியில் டீத்தூள் கொட்டாதீர்கள்.'

கொட்டியவன் நான்தான்.

மூன்றாவது அலமாரிப் பக்கம் போகவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தேன். இரண்டு பாட்டிலும் இருக்கின்றன.

மார்ச் 7, வெள்ளி

காரணத்தை எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்குச் சேரும்போது படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். எந்தப் பாட்டில் எந்த இடம் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். இடம் மாறாத வரை நானும் படித்தவன்தான்.

நாற்பத்தொரு வருடத்துக்கு முன் ஒரு மழை வாரம். மூன்றாவது அலமாரியை ஈரத் துணியால் துடைத்தேன். மழை ஈரத்தில் பசை ஏற்கெனவே இளகியிருந்தது. பக்கத்துப் பக்கத்துப் பாட்டில் இரண்டின் லேபிளும் உரிந்து தரையில் விழுந்தன. இடது பக்கம் இருப்பது அமிலம், வலது பக்கம் காரம் என்று தெரியும். இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஆனால் கையில் இருக்கும் லேபிளில் எது எது? கேட்டால் என் பொய் வெளிப்பட்டுவிடும். வீட்டில் மனைவி நிறைமாதம். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு வருடச் சோதனை மொத்தமும் கெட்டுப்போனது. கூடத்தின் தலைவர், நாங்கள் பெரியவர் என்போம், உதவியாளர் அம்மாவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கத்தினார். அந்த அம்மா தடித்த கண்ணாடி போட்டிருப்பார். மனதுக்குள் நான் கண்ணாடியம்மா என்று கூப்பிடுவேன். பையை எடுத்துக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்கப் படியிறங்கிப் போனார். திரும்பி வரவே இல்லை.

அன்று மதியம்தான் மகள் பிறந்தாள் என்று செய்தி வந்தது. ஆகஸ்ட் 19. மகளின் ஒவ்வொரு பிறந்த நாளிலும் எனக்கு அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும்.

முதியோர் வகுப்புக்குப் போகிறேன், இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். இடது பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் போதும். அவ்வளவுதான் விஷயம். நேற்று ஏன் பார்க்கவில்லை? பயந்தாங்கொள்ளி.

மார்ச் 10, திங்கள்

இன்று செய்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

படக்காரம்மா பத்து மணிக்கு வருவேன் என்றார். நான் ஏழு மணிக்கே போய்விட்டேன். அலமாரிக்கு நேராகப் போகக் கால் வரவில்லை. கை சும்மா இருக்குமா? வாளி, துணி, தண்ணீர். நீள மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன். பாதி மேஜை கண்ணாடி மாதிரி ஆனதும் தைரியம் வந்தது. அதே ஈரத் துணியோடு மூன்றாவது அலமாரிக்குப் போய் இடது பாட்டிலைத் துடைத்தேன்.

அ-மி-ல-ம்.

சரி! சரியாகத்தான் ஒட்டியிருக்கிறேன்! பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்கும்போதே லேபிள் உரிந்து கையோடு வந்துவிட்டது. நாற்பத்தொரு வருடம் கழித்து அதே துணி வேலை.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் இரண்டு வரி.

அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. லேபிள் ஒட்டுகிறவர் ஒட்டுகிற ஒவ்வொரு முறையும் பின்பக்கம் ஒரு வரி எழுத வேண்டும். தேதி, காரணம், பெயரின் முதல் எழுத்து. பென்சில்தான், தண்ணீரில் அழியாது. புதுப் பாட்டிலுக்கு ஒரு வரி. நான் எதுவும் எழுதாமல் ஒட்டினேன். அப்படியானால் இரண்டாவது வரி யாருடையது? எனக்குப் பிறகு யாரோ உரித்து ஒட்டியிருக்கிறார்கள். மாறியிருந்ததைத் திருத்தினார்களோ? எப்போது? சோதனை கெடுவதற்கு முன்பா, பின்பா?

கூட்டெழுத்து. எறும்பு ஊர்ந்த மாதிரி. எனக்கு அச்செழுத்துதான் வரும். வாசலில் சத்தம் கேட்டது. லேபிளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

படக்காரம்மா மேஜையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். அப்படியே முக்காலியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"ஐயா, நான் அந்தத் தூசிக்காகத்தான் வந்தேன்."

தூசியைப் படம் எடுக்க ஒருவர் வருவார் என்று நான் எங்கே கண்டேன்? இருபது வருடத் தூசியாம், திரும்பக் கிடைக்காதாம். வேண்டுமானால் வீட்டிலிருந்து கொண்டுவந்து தூவட்டுமா என்று கேட்டேன். அதற்கு அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

படக்காரம்மா வரவில்லை. கோபமா, வேறு வேலையா?

மார்ச் 12, புதன்

மாட்டிக்கொண்டேன்.

வந்தவர் கோபமாக இல்லை. பாதி துடைத்து, பாதி துடைக்காமல் கிடக்கும் மேஜைதான் இப்போது அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம். இதில் நான் பெருமைப்படலாமா என்று தெரியவில்லை. மேஜையைப் படம் எடுத்து முடித்து மூன்றாவது அலமாரிக்குப் போனார். கேமராவின் பின்னால் இருக்கும் திரையில் முதல் நாள் படத்தைத் தேடி எடுத்து, அலமாரியையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, இதுல லேபிள் இருந்துச்சே?"

கேமரா பொய் சொல்லாது, நான்தான் சொல்வேன். ஆனால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. அப்புறம் என்ன? எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். முடித்ததும் அவர் கையை நீட்டினார்.

"குடுங்க, ஒரு நிமிஷத்துல படிச்சுச் சொல்றேன்."

"வேண்டாம்மா. அன்னைக்கும் நான் படிக்கல. இன்னைக்கும் வேற ஒருத்தர் படிச்சா அப்புறம் நான் எதுக்குப் படிக்கக் கத்துக்கிட்டேன்?"

கையை இழுத்துக்கொண்டார். லேபிளை வெளிச்சத்தில் கவிழ்த்து வைத்துப் படம் எடுத்தார். பெரிதாக்கித் தருகிறேன் என்றார்.

மார்ச் 14, வெள்ளி

பெரிதாக்குவது என்றால் இதுவா! செய்தித்தாள் அகலம். ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அளவு. மனைவி கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "அந்தக் கண்ணாடியம்மா எழுத்தா?" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"டைரிய மேஜை மேல விரிச்சு வெச்சுட்டுத் தூங்கினா வேற என்ன பண்ணுவாங்களாம்? எனக்குப் படிக்கத் தெரியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் நான் எழுதியதை இன்னொருவரும் படிக்க முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"நாப்பத்தொரு வருஷமா இதை வயித்துல வெச்சுக்கிட்டா அல்சர் மாத்திரை தின்னீங்க? சொல்லித் தொலைச்சிருந்தா நானே வந்து படிச்சுட்டுப் போயிருப்பேன்."

இரவுச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் முட்டை இருந்தது.

மார்ச் 15, சனி

சாப்பாட்டு மேஜையில் விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மனைவி எதிரில். உதவக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். உதடு மட்டும் அசைகிறது அவளுக்கு. பார்க்காமல் இருக்க முயல்கிறேன்.

முதல் வரி முடிந்தது. 'புதுப் பாட்டில்.' வேறு யாரோ எழுதியது. இரண்டாவது வரியில் காரணம் வந்துவிட்டது. 'ஈரத்தில் உரிந்தது. இரண்டும் மாறி இருந்தன. சரி செய்தேன்.'

மாறித்தான் இருந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினால் வேறென்ன ஆகும்.

அதற்கப்புறம் இன்னும் ஏதோ இருக்கிறது. தேதி வரியின் தொடக்கத்தில் கறையடித்து மங்கலாக இருக்கிறது. இன்று போதும். இல்லை, பயமாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

மகள் வந்திருந்தாள். பேருந்து ஓட்டுகிறாள், ஞாயிறு மட்டும் விடுமுறை. அவள் அம்மா எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் ரகசியத்துக்கு இனி இடமில்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். முதலில் ஒரு 1. அடுத்தது 8 ஆ, 6 ஆ? விரலால் கோட்டின் மேலேயே போனேன். கீழே ஒரு சுழி, மேலே வால். மேலே சுழி இல்லை. 6. வகுப்பு நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். 6 தான்.

ஆகஸ்ட் 16. வருடமும் அதே.

பதினாறு. மகள் பிறந்தது பத்தொன்பது. மூன்று நாள் முன்னாலேயே சரி செய்துவிட்டார். கெட்டுப்போன அன்று பாட்டில் இரண்டும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. நான் இல்ல. நான் இல்லடா. நாப்பத்தொரு வருஷம் — நான் இல்ல.

"அப்பா, என் பொறந்த நாளுக்கு இனிமேலாவது சிரிச்ச மூஞ்சியா இருப்பீங்களா?" என்றாள் மகள். கவனித்திருக்கிறாள். இத்தனை வருடமும்.

வரியின் கடைசியையும் படித்துவிட்டேன். 'யார் என்று கேட்க வேண்டியதில்லை.' அதற்குக் கீழே கண்ணாடியம்மா பெயரின் முதல் எழுத்து.

மார்ச் 20, வியாழன்

அப்படியென்றால் அவர் ஏன் போனார்? நன்றாக இருக்கிறாரா? படக்காரம்மா பழைய ஊழியர் பட்டியலைக் கிளறி விலாசம் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஒரு பக்கக் கடிதம். மூன்று நாள். நாலு தாள் கிழிந்தது. உறையில் நானே விலாசம் எழுதினேன். தபால் பெட்டியில் போட்ட பிறகு கையை உள்ளே விட்டு, விழுந்துவிட்டதா என்று பார்த்தேன். விழுந்துவிட்டது.

மார்ச் 29, சனி

தபால் இல்லை. மின்சார வாரியத்திலிருந்து ஒன்று வந்தது. முழுவதும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 5, சனி

வந்துவிட்டது.

எனக்காக அச்செழுத்து மாதிரியே ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். கண்ணாடியம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. அன்று சோதனை கெட்டது கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியால். முதல் நாள் சாயங்காலம் போகும்போது வீட்டு விளக்கை அணைப்பது போல அதையும் அணைத்துவிட்டுப் போனவர் பெரியவரேதான். ஒப்புக்கொள்ள இரண்டு வருடம் ஆனதாம். திரும்ப வரச் சொல்லி எழுதினாராம். அதற்குள் இவர் வேறு ஊரில், இதைவிடப் பெரிய கூடத்தில், தனி அறையும் தனி மின்விசிறியுமாக உட்கார்ந்துவிட்டாராம். அந்த மின்விசிறியைப் பற்றியே நாலு வரி எழுதியிருக்கிறார்.

கடைசியில் இப்படி எழுதியிருந்தார். அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

'பசை புதிதாக இருந்தது, பின்னால் புது வரி இல்லை. வரி எழுதாமல் ஒட்டக்கூடியவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலையை விட்டுப் போய்விடுவீர்களோ என்று இருந்தது. பாட்டிலை அவ்வளவு சுத்தமாகக் கழுவ வேறு ஆள் இல்லை. லேபிள் இப்போது உங்கள் கையில் என்றால், அதற்கு ஒரு வரி பாக்கி இருக்கிறது.'

மனைவிக்கு நான் வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மின்விசிறி இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

ஏப்ரல் 7, திங்கள்

கடைசி நாள். நாளை லாரி வருகிறது. பாட்டில்களைக் காட்சிக்கூடத்துக்குக் கொண்டு போகிறார்கள். படக்காரம்மாவுக்கு மூன்றாவது அலமாரி மட்டும் பாக்கி. லேபிள் இருந்தால்தான் எடுப்பேன் என்று காத்திருந்தார்.

பென்சிலைச் சீவிக்கொண்டு நீள மேஜையில் உட்கார்ந்தேன், துடைக்காத பாதிப் பக்கம். ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். கண்ணாடியம்மா வரிக்குக் கீழே இடம் கொஞ்சம்தான். தேதி. காரணம்: ஈரத் துணி. பெயரின் முதல் எழுத்து. முடிக்கும்போது ஒன்பதே முக்கால். படக்காரம்மா அவசரப்படுத்தவில்லை. ஒரு தடவை கேமராச் சத்தம் கேட்டது, நான் நிமிரவில்லை.

பசை தடவி, இடது பாட்டிலில் நேராக ஒட்டினேன். அலமாரித் தூசியில் பாட்டில் இருந்த இடம் வட்டமாகத் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் சரியாக வைத்தேன். சுற்றிலும் என் விரல் தடம் பதிந்துவிட்டது.

துணி தோளில்தான் இருந்தது. துடைக்கவில்லை.