இல்லாத அண்ணனும் ஓடாத வண்டியும்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இது பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நோட்டு. நான்கு பக்கம் எழுதியதோடு பள்ளிக்கூடம் நின்றது. மீதிப் பக்கங்கள் வீணாக வேண்டாம்.

இன்று இரண்டு மூட்டை முடித்தோம், நானும் அம்மாவும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியிலிருந்து வரும் ரப்பர் வளையங்களின் ஓரத்துப் பிசிறை பிளேடால் வெட்டி வெட்டி, என் ஆள்காட்டி விரலே ரப்பராகிவிட்டது. அந்த வளையம் எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. மூட்டை வரும், மூட்டை போகும்.

மத்தியானம் காயலான் கடை வேம்புலி வந்தார். மாடிப்படிக்கு அடியில் எட்டு வருஷமாகக் கிடக்கும் அப்பாவின் டூ-ஸ்ட்ரோக் வண்டியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். சீட்டுக் கிழிசலிலிருந்து எங்கள் கோழி கத்திக்கொண்டு பறந்தது. முட்டை வைக்க அதற்கு வேறு இடம் கிடையாது.

"இன்னா தேவராஜண்ணே, வண்டின்னு சொன்ன. கோழிக்கூண்ட காட்ற?"

அப்பா சொன்னார்: "ஆயுத பூஜைக்கு எடம் சுத்தமா இருக்கணும். எடுத்துகினு போயிடு."

வேம்புலிக்கு ஒரு ராசி இருக்கிறதாம். ஆயுத பூஜையன்று முதல் லோடு கனமாக இருந்தால் வருஷம் பூராவும் கனமாக வருமாம். அன்று காலையில் வந்து தூக்கிக்கொள்கிறேன் என்றார்.

அப்போது யாரோ, "ஓட வெச்சா?" என்று கேட்டார்கள். நான்தான்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரேஷன் கடையில் "கைரேகை வை" என்றாலே வியர்த்துப் போகிற பெண், வண்டியை ஓட வைக்கிறாளாம்.

"ஓடிச்சின்னா உனுக்கே எடுத்துக்கோ விஜி. ஓடலன்னா வேம்புலிக்கு. நைனா பேச்சு மாறமாட்டேன்" என்றார் அப்பா. வேம்புலி அதற்குள் வண்டியின் எடையை மனசுக்குள் போட்டு முடித்திருந்தார்.

ஆகஸ்ட் 26

கிக்கர் அசையவில்லை. ஏறி நின்றேன். குதித்தேன். உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊற வைக்க வேண்டும் என்று போனில் ஒரு வீடியோ. பேசுவது இந்தி. ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கை செய்வது புரிகிறது, அது போதும்.

எண்ணெய்க்கு எங்கே போவது? அலமாரியில் தேங்காய் எண்ணெய் இருந்தது.

ஆகஸ்ட் 29

அம்மா பக்கத்து வீட்டில் பெருமையடித்ததைக் கேட்டேன். "எங்க விஜி இப்பதான் ஒழுங்கா தலைக்கு எண்ண வெக்கிது. பாட்டில் மூணே நாள்ல காலி."

என் தலையை அவள் பார்த்தாளா, பார்க்கவில்லையா?

ஆகஸ்ட் 31

அசைந்தது!!! ஒரு விரற்கடை. நான் கத்தினேன், கோழி கத்தியது.

செப்டம்பர் 3

குமணன்சாவடி போனேன், ஹாஜா மொய்தீன் ஸ்பேர்ஸ் கடைக்கு. கவுன்ட்டர் முன்னால் மூன்று வரிசை ஆம்பிளைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், எல்லோருக்கும் சாமான் கிடைக்கிறது. நான் நாற்பது நிமிஷம் நின்றேன். பாய் ஒரு தடவை என் பக்கம் பார்த்து, "பஸ்ஸுக்கு அந்தாண்ட நிக்கணும்மா" என்றார். சரி என்று அந்தாண்ட போய் நின்று, வந்த பஸ்ஸில் ஏறி எங்கள் நசரத்பேட்டையிலேயே இறங்கினேன்.

ஏன் இப்படி இருக்கிறேன்? வாயைத் திறந்தால் என்ன, உள்ளே பூச்சியா போகப் போகிறது?

செப்டம்பர் 4

இன்று எனக்கு அண்ணன் பிறந்தான். பெயர் சரண். வயது இருபத்திரண்டு. மெக்கானிக். ரொம்பக் கோபக்காரன், கடைக்கெல்லாம் வரமாட்டான், சீட்டுதான் கொடுத்தனுப்புவான்.

சீட்டைக் கூட்டத்துக்கு நடுவே நீட்டினேன். "அண்ணன் குடுத்தாரு." இரண்டே வார்த்தை. அடுத்த நிமிஷம் பிளக்கும் பிளக் ஸ்பேனரும் கையில். நாற்பது நிமிஷம் நின்றது நான், சாமான் கிடைத்தது அண்ணனுக்கு. பிறந்த அன்றே மரியாதை.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்ஜின் தலையைக் கழற்றினேன். போல்ட்டுகள் கலந்துவிடக் கூடாது, கழற்றிய வரிசையிலேயே இருக்க வேண்டும். அதற்குப் பழைய இட்லித் தட்டைவிட நல்ல பெட்டி உலகத்தில் இல்லை. ஒரு குழி ஒரு இடம். பெருமையாக இருந்தது. தட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

பக்கத்து மூடியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். உள்ளே, இரும்புத் தண்டைச் சுற்றி, நம் ரப்பர் வளையம்! ஆயில் வெளியே ஒழுகாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் மூன்று வருஷமாக மூட்டை மூட்டையாக வெட்டினேனா? அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அட, இது இங்கயா கீது" என்றாள். சொந்தக்காரனைக் கல்யாணத்தில் பார்த்த மாதிரி. பிறகு, குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு: "பிசிறு சரியா வெட்டல."

செப்டம்பர் 10

பிஸ்டனைச் சுற்றி மாட்டும் இரும்பு ரிங் வாங்கப் போனேன். பாய் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "உங்க அண்ணன் எழுத்து முத்து முத்தா கீதே. மெக்கானிக் எழுத்தா இது?"

வியர்த்துவிட்டது. இனிமேல் இடது கையால் எழுத வேண்டும். கொஞ்சம் கிரீஸும் தடவ வேண்டும்.

செப்டம்பர் 12

சிலிண்டருக்கு அடியில் வைக்கும் பேக்கிங் நைந்து போயிருந்தது. இந்தப் பழைய வண்டிக்குக் கிடைக்காது என்று பாய் கைவிரித்துவிட்டார். கெட்டி அட்டையில் நாமே வெட்டலாம் என்கிறது வீடியோ. சித்தி மகள் கல்யாணப் பத்திரிகை நல்ல கெட்டி. ரப்பர் வெட்டும் பிளேடு, பத்து நிமிஷம். ஓட்டைகூட அச்சில் அடித்த மாதிரி வந்தது. பிள்ளையார் படம் உள்பக்கம் போய்விட்டது. இன்ஜினுக்குள் அவர் இருந்தால் நல்லதுதானே.

அளவு சரியா என்று சிலிண்டரோடு கடைக்கு எடுத்துப் போனேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "யார்மா வெட்னது?"

"அண்ணன்."

சொல்லி முடித்ததும் முதல் தடவையாக அவன்மேல் எரிச்சல் வந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெரிய விபத்து. மாமா வீட்டிலிருந்து நான்கு பேர் வந்துவிட்டார்கள். தட்டு பற்றாமல் அம்மா டிரம்முக்குப் பின்னால் கை விட்டிருக்கிறாள். போல்ட்டையெல்லாம் ஒரே சட்டியில் கொட்டி, புளி போட்டு விளக்கி, மாவை ஊற்றி, அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

எனக்கு எப்போது தெரிந்தது? அப்பா வாயில் 'கடக்' என்றபோது.

வாயிலிருந்து ஒரு சின்னக் கம்பி வளையத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். "இன்னா தாயம்மா, இட்லிக்கு முதுகெலும்பு வெச்சிகீற?"

பிஸ்டன் ஊசியைப் பிடிக்கும் லாக். இரண்டில் ஒன்று. தட்டின் ஓட்டையில் சிக்கியிருந்திருக்கிறது.

அய்யோ நான் சிரிக்கவும் முடியாம அழவும் முடியாம, "நைனா அத கடிச்சிட்டியா, வளஞ்சிடுச்சா, குடு குடு"ன்னு புடுங்கிகினேன். அப்பா பல்லைப் பற்றி நான் கேட்கவே இல்லையாம். அம்மா இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போல்ட் மட்டும் பளபளவென்று இருக்கிறது. எது எங்கே என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 18

நான்கு நாளாக ஒவ்வொரு ஓட்டையிலும் ஒவ்வொரு போல்ட்டாகப் போட்டுப் பார்த்து வரிசை கண்டுபிடித்துவிட்டேன். புளியைப் பெட்ரோல் டேங்குக்கும் போட்டேன். கரைத்து ஊற்றி, கூழாங்கல்லோடு குலுக்கினால் துரு சாக்கடைத் தண்ணீராக வருகிறது.

பாய் இன்று பேக்கிங் ஷீட்டைச் சுருட்டிக் கொடுத்தார். "அண்ணன்கிட்ட சொல்லு, இது மாரி இருவது வெட்டித் தரணும். கேட்டு வராங்க, எங்கயும் கெடைக்கல. ரிங்குக்கும் பிஸ்டனுக்கும் அதுல கழிச்சிக்கலாம்." எங்கள் பட்ஜெட்டில் புதுப் பிஸ்டன்!

அண்ணனிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டான்.

செப்டம்பர் 22

இருபதும் போய்விட்டதாம். எதிர்க்கடை மெக்கானிக் பரந்தாமன் மட்டும் எட்டு எடுத்தாராம். "யாரு பாய் இந்த சரண்? கைக்கு முத்தம் குடுக்கணும்பா" என்று என் காதுபட, என்னை இடித்துக்கொண்டு சொன்னார். நான் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 26

இன்ஜினைத் திரும்பப் பூட்டினேன். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினேன். பிளக்கில் கரண்ட் வருகிறது. உதைத்தேன். 'டர்' என்று ஒரு சத்தம் — அப்புறம் 'கடக்'. நின்றுவிட்டது.

திரும்பப் பிரித்தேன். ரிங் இரண்டு துண்டு. பிஸ்டனுக்குக் கீறல்கூட இல்லை, அதுவே புண்ணியம். வீடியோவில் செய்த மாதிரியேதான் செய்தேன். பிஸ்டன் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கிறது. வீடியோக்காரர் அதை இடது பக்கம் பார்த்து வைத்தார், நானும் இடது பக்கம் வைத்தேன். அப்புறம் ஏன்? ஏன்டா? நான் இன்னா தப்பு பண்ணேன்?

இன்னும் ஐந்து நாள். வேம்புலி இன்று தெரு வழியாகப் போகும்போது கையசைத்தார். தோளில் கயிறு, புதுசு.

செப்டம்பர் 27

வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தேன். பதினோராவது தடவை, அந்த ஆளின் சட்டைப் பை வலது பக்கம் இருந்தது. கிக்கரை இடது காலால் உதைக்கிறார். போனைத் தன் பக்கம் திருப்பி எடுத்திருக்கிறார், எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகியிருக்கிறது! பின்னாலிருந்த போர்டில் எழுத்தும் இடம் வலமாகத்தான் இருந்திருக்கும். இந்தி தெரிந்தவளுக்கல்லவா அது தெரியும்.

அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். நான் அதை வீட்டுப் பக்கம் பார்க்க வைத்துவிட்டேன். ரிங்கின் முனை சிலிண்டர் ஓட்டையில் மாட்டி உடைந்திருக்கிறது.

புது ரிங் வேண்டும்.

செப்டம்பர் 28

பாயிடம் அந்த ரிங் ஒன்றே ஒன்று இருக்கிறது. தரமாட்டேன் என்கிறார். "அண்ணன இட்டுகினு வா, தரேன். பரந்தாமன் நேர்ல பாக்கணும்னு தெனமும் உயிர எடுக்கறான். உங்க அண்ணன் இன்னா, பூச்சாண்டியா? ஒருத்தன் கண்லயும் படமாட்றான்."

சீட்டு நீட்டினேன். "சீட்டெல்லாம் வேணாம். ஆள் வரணும்."

வீடு வரும்வரை யோசித்தேன். அண்ணனுக்கு அம்மை போட்டதாகச் சொல்லலாமா? கால் உடைந்ததாக? நான் உடைக்கலாம், அவன் தாங்குவான். ஆனால் ரிங் கிடைக்காது.

செப்டம்பர் 29

வலது கையால், முத்து முத்தாக எழுதினேன்.

"பாய், எனக்கு அண்ணன் கிடையாது. உங்கள் கடைக் கூட்டத்துக்குப் பயந்து உண்டாக்கினேன். பேக்கிங் வெட்டியது நான். பிஸ்டனைத் திருப்பிப் போட்டு ரிங்கை உடைத்ததும் நான். நாளை மறுநாள் வண்டி எடைக்குப் போய்விடும். தயவுசெய்து தரவும். விஜி."

கூட்டத்துக்கு நடுவே நீட்டினேன். பாய் படித்தார். மறுபடி படித்தார். என் விரலைப் பார்த்தார் — பிளேடு காய்ப்பு. பரந்தாமன் அங்கேயே நின்றுகொண்டு, "இன்னா பாய், அண்ணாத்த வரானா இல்லியா?" என்றார்.

பாய் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அவனுக்குக் காய்ச்சலாம்பா."

பரந்தாமன் போனதும் ரிங்கை எடுத்து என் முன்னால் வைத்து, குரலைத் தாழ்த்தினார். "நான் பூந்தமல்லி பூரா சரண், சரண்னு சொல்லி வெச்சிட்டேன்மா. மானம் போயிடும். கொஞ்ச நாளைக்கு அவன் உசுரோட இருக்கட்டும்."

"சரி பாய்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். ஆனால் அது நான் பேசியது.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலை எட்டு மணிக்கு வேம்புலி தன் மீன்பாடி வண்டியோடு, அந்த மோட்டார் வைத்த மூன்று சக்கர வண்டியோடு, வாசலில். அதற்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, கயிறோடு. அப்பா என்னைப் பார்க்காமல், "இன்னா விஜி?" என்றார். அந்தக் குரலில் ஒரு சங்கடம் இருந்தது. அவருக்கும் அது போக வேண்டாம் போல.

முதல் உதை. ஒன்றுமில்லை. இரண்டாவது. கோழி எழுந்து போய்விட்டது, அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறாவதில் 'டப்' என்றது. ஏழாவதில் —

புகை என்றால் புகை. எட்டு வருஷப் புகை, தேங்காய் எண்ணெய் வாசனையோடு. வேம்புலி தெருவுக்கு ஓடினார். அம்மா பொரிக் கிண்ணத்தை மூடினாள். 'டர்ர்ர்ர்' என்று படிக்கட்டே அதிர்ந்தது. நான் ஆக்சிலேட்டரை விடவே இல்லை. விட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

அப்பா கிட்டே வந்தார். விரலில் சந்தனம் எடுத்து ஹெட்லைட்டில் வைத்தார். அப்புறம் ஸ்பேனரில் வைத்தார். அப்புறம், கொஞ்சம் யோசித்து, இட்லித் தட்டிலும் வைத்தார்.

வேம்புலி கோபமாகத் தன் வண்டியைக் கிளப்பினார். அது கிளம்பவில்லை. பத்துத் தடவை உதைத்தார். கடைசியில் என் பக்கம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரோ மெக்கானிக் வந்து போறாம்போல. கொஞ்சம் கூப்டும்மா" என்றார்.

"யாரும் இல்ல. நானே பாக்கறேன், தள்ளுங்க" என்றேன். பிளக்கில் கரி. இரண்டு நிமிஷ வேலை.

ஜனவரியில் எனக்குப் பதினெட்டு. அதுவரை அப்பா ஓட்டுவார், நான் பின்னால்.

அக்டோபர் 13, திங்கள்

பாய் கடையில், கவுன்ட்டருக்கு உள்பக்கம் எனக்கு ஒரு ஸ்டூல், ஒரு பலகை, ஒரு பிளேடு. இங்கிருந்து பார்த்தால் அந்த மூன்று வரிசையும் அவ்வளவு பெரிதாக இல்லை.

பரந்தாமன் வந்தார். "சரண் எங்க பாய்? காய்ச்சல் இன்னுமா வுடல?"

பாய் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "துபாய் போயிட்டான்பா. போன வாரம். இப்ப தங்கச்சிதான் வெட்டுது."

பரந்தாமன் நான் வெட்டி வைத்திருந்ததை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன விட சுத்தமா கீதே பாய்!"

வீடு வரும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. அண்ணன் வெட்டியதில் என்ன குறை கண்டார்?