ப்ளேயரில் இருக்கும் தட்டு

அன்புள்ள மகளுக்கு,

இந்த ஊரில் நல்ல குளிர். உன் சித்தி தினமும் என்னைக் கடை கடையாக இழுத்துக்கொண்டு அலைகிறாள். நேற்று மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை. கடைக்காரர் ஒரு தட்டைச் சுழலவிட்டார். தட்டில் விரல் படாமல் விளிம்பில் பிடித்துத்தான் எடுத்தார், கவனித்தேன். என்ன மொழியோ, ஒரு பெண் பாடினாள். ஒவ்வொரு வரியையும் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தியே எடுத்தாள். கான்வென்டில் எங்கள் பாட்டு சிஸ்டர் கேட்டிருந்தால் முட்டி போட வைத்திருப்பார். நான் மூன்று முறை போடச் சொன்னேன்.

"ஒரு வார்த்தையாவது புரியுதா அக்கா?" என்றாள் சித்தி.

"புரியற பாட்டெல்லாம் கேட்டாச்சு."

"வாங்கி என்ன பண்ணப் போறே? வீட்டுல ப்ளேயர் பக்கம் போனாலே கத்துவியே!"

பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டேன்.

உனக்கு ஒரு வேலை. உன் அப்பா கடைசியாகப் போட்ட தட்டு நான்கு வருடமாக ப்ளேயரிலேயே இருக்கிறது. யாரும் தொடக் கூடாது என்றவள் நான்தான். கடிதம் கிடைத்ததும் அதை எடுத்துத் துடைத்து உறையில் போடு. அழுதுகொண்டே செய்யாதே, தட்டில் கறை படியும். ஊசியையும் மாற்றிவிடு.

ஞாயிறு வருகிறேன். ப்ளேயர் எனக்குக் காலியாக வேண்டும்.

அம்மா