பின்சுவரில் ஒரு கதவு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். பிள்ளைகள் பயமில்லாமல் பேசும் வகுப்பறைதானே என் கனவு? அவர்களுக்குப் பிடித்த வகுப்பறையை வரையச் சொன்னேன். எல்லோருமே பின்சுவரில் ஒரு கதவு வரைந்திருந்தார்கள். அங்கே வெறும் சுவர்தான் இருக்கிறது.

"யாருக்குக் கதவு?" என்றேன்.

"உள்ள இருக்கிறவங்களுக்கு, டீச்சர். அவங்களும் பாடம் கேக்குறாங்கல்ல?" என்றாள் ஒரு சிறுமி.

சிரித்துக்கொண்டே சுவரைத் தட்டினேன். உள்ளிருந்தும் தட்டினார்கள். எலியாக இருக்கும், கவலைப்படாதீர்கள்.

அன்று முதல் சுவருக்கு அப்பாலும் கேட்கும்படி உரக்கப் பாடம் நடத்துகிறேன். தொண்டை கட்டிவிட்டது, உங்கள் கைமருந்து கொஞ்சம் அனுப்புங்கள். போர்த்திக்கொண்டு தூங்க உங்கள் பழைய புடவை ஒன்றும்.

இதை வகுப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிள்ளைகள் இன்னும் வரவில்லை. ஆனால் பின்சுவருக்குள்ளிருந்து "வணக்கம் டீச்சர்" என்று சேர்ந்து சொல்கிறார்கள். பாடத்தைத் தொடங்க வேண்டும், அம்மா.

உங்கள் மகள்