வலப்பக்கத்து மானிட்டர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, அவருடைய இருமல் நின்றதா, டாக்டர் கொடுத்த மாத்திரையை முழுசாக முடித்தாரா, இல்லை வழக்கம்போல் பாதியில் விட்டுவிட்டாரா? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவைப் பற்றி இந்த இடத்தில் ஒரே வார்த்தையில் எழுத வரவில்லை, கீழே எழுதியிருக்கிறேன், நீ கதைப் புத்தகத்தில் செய்வதுபோல் கடைசிப் பக்கத்துக்கு ஓடாமல் வரிசையாகப் படி. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு, அதுவும் கூரியரில் ஆபீஸ் விலாசத்துக்கு ஏன் என்று நீ யோசிப்பாய். கூரியர் பகலில்தான் வரும், வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பிப்போனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வராது. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். தையல் கடையிலிருந்து பேசலாம் என்று இரண்டு நாள் போனைக் கையில் எடுத்தேன். பத்து மெஷின் ஓடுகிற சத்தத்தில், நாலு பேர் நடுவில் இதைக் கத்திச் சொல்ல என்னால் முடியாது, பாதியில் அழுதுவிட்டால் நீ அங்கே என்னவென்று நினைத்துப் பயப்படுவாயோ. எழுத்து என்றால் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி எழுதலாம்.

இங்கே மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், நாற்காலியை இழுக்கிறார்கள் என்று தினமும் திட்டிக்கொண்டிருந்த எனக்கு இப்போது தலைக்கு மேல் ஒரு சத்தமும் இல்லாதது என்னவோபோல் இருக்கிறது. கடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் வேலை கழுத்தை நெரிக்கிறது, இந்த வருஷம் இரண்டு பள்ளிக்கு ஒரே நீலம் போலத் தெரிகிற இரண்டு நீலம், கலந்துபோனால் என் தலைதான் உருளும். சரி, சுற்றி வளைத்தது போதும். விஷயம் அப்பாவின் கம்ப்யூட்டர் மானிட்டர்தான். உனக்கு அது சலித்துப்போன கதை, எனக்கும் சலித்துப்போன கதையாகத்தான் இருந்தது.

ஸ்டுடியோக்காரர் திருத்துவதற்கு நிறைய போட்டோ தர ஆரம்பித்ததும் ஒரு திரையில் வேலை ஆகவில்லை, பழசுக்குப் பக்கத்தில் இன்னொன்று வேண்டும் என்று அப்பா கேட்டது நாலு மாதத்துக்கு முன்னால். அளவும் ரெசல்யூஷனும் பழசுக்குச் சமமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு திரையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது படம் குதிக்கும் என்று நீ சொன்னாய், அப்படியே வாங்கி வலது பக்கம் வைத்தார். வைத்த நாளிலிருந்து ஒரே பாட்டு, இது மங்கல், முகமெல்லாம் சாம்பல் பூத்தது மாதிரி இருக்கிறது என்று. கம்ப்யூட்டர் கடைக்காரத் தம்பி முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தது. இரண்டாவதும் மங்கல். நேராகத் திரும்பிப் பார்த்தால் பரவாயில்லை, நடுவில் உட்கார்ந்து வேலை செய்யும்போதுதான் செத்துப்போகிறது என்றார், சில திரைகளின் பேனல் பக்கவாட்டில் பார்த்தால் மங்கும்பா என்று நீ விளக்கினாய், ஜன்னல் வெளிச்சம் என்று கடைக்காரத் தம்பி சொன்னது, நான் கனமான துணி வாங்கி ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துப் போட்டேன். அதோடு நின்றதா? எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்று சொல்லப்போய், யூனிஃபார்ம் தைக்கிறவளுக்கு போட்டோவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டார், நானும் சும்மா இருக்கவில்லை, வயசானால் புத்தி இப்படித்தான் பிடிவாதம் பிடிக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த வாயை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

நடுவில் ஒரு பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ திரும்பி வந்தது உனக்குத் தெரியாது, சொல்லாதே என்று அப்பா சொல்லியிருந்தார். ஐந்து வரிசைப் பிள்ளைகள், எல்லோருடைய முகத்திலும் வெளிச்சம் சரிசெய்திருக்கிறது, ஒவ்வொரு வரிசையிலும் வலது ஓரத்தில் நின்ற இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் தொடவே இல்லை, இருட்டில் நிற்பதுபோல் நிற்கிறார்கள். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு தப்பு அப்பா கையில் வந்ததில்லை என்று ஸ்டுடியோக்காரர் சிரித்துக்கொண்டேதான் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா ஒரே வார்த்தை, மானிட்டர் என்றார். நானும் நம்பினேன். சாப்பிடும்போது தட்டின் வலது பக்கத்தில் பொரியல் அப்படியே கிடப்பதையும், வலது தோள் கதவில் இடித்து இரண்டு இடத்தில் கன்றிப்போயிருப்பதையும் தினம் பார்க்கிறவள் நான், அதையெல்லாம் கவனக்குறைவு என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் நீ அங்கே தேடு தேடு என்று தேடி, பழசின் அதே கம்பெனி, அதே மாடல், இப்போது செய்வதையே நிறுத்திவிட்டார்களாமே, அதில் ஒன்றைப் பிடித்து அனுப்பினாய். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரு நாள் முழுக்க அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, என் பாப்பா மாதிரி வருமா என்று தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் காட்டாத குறை. மறுநாள் இதுவும் அப்படித்தான் என்றார். துணியில் நிறம் வேறாகத் தெரிந்தால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா, இரண்டு துண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்போம், வித்தியாசம் துணியோடு கூடப் போனால் குறை துணியில், இருந்த இடத்திலேயே நின்றால் குறை வெளிச்சத்தில். அடுத்த விடுமுறை நாளில் அவர் குளிக்கப் போனபோது இரண்டு திரையையும் இடம் மாற்றி வைத்தேன். நீ காலேஜ் படிக்கும்போது பழசின் ஓரத்தில் எதையோ ஒட்டிப் பிய்த்த பசைத் தடம் இருக்கிறதே, அதை வைத்துத்தான் எனக்கே எது எது என்று தெரியும். அவர் வந்து உட்கார்ந்தார், நான் பின்னால் நின்றேன். வலது பக்கம் இருந்த பழசைக் காட்டி, இத்தனை வருஷம் அவர் பிள்ளை மாதிரி துடைத்து வைத்த அதே திரையைக் காட்டி, “பாத்தியா, புதுசு எப்படிச் செத்துக் கெடக்குது” என்று சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் நின்றேன், குறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

புதுக் கண்ணாடி போடலாம் என்று சொல்லிக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வந்த தாளில் இரண்டு கண்ணுக்கும் வலது பாதி கறுப்பாக இருந்தது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, கண்ணுக்குப் பின்னால்தான் என்று டாக்டர் சொன்னார், அன்றைக்கே தலைக்கு ஸ்கேன் எடுத்தோம். மூளையின் பின்பக்கத்தில் இடது புறமாக ஒரு கட்டி இருக்கிறது. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள், எனக்குத் தேதி தெரியவில்லை, முதல் மானிட்டர் வாங்கியபோது என்று சொன்னேன். ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், போன பாதிப் பார்வை திரும்பி வரும் என்று அவர் வாக்குக் கொடுக்கமாட்டாராம், ஆனால் தள்ளிப்போட்டால் இருக்கிற பாதியும் போகும், அதற்கப்புறம் ஆளும் இருக்கமாட்டார். வருகிற இருபதாம் தேதிக்குப் படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள்.

அப்பா வரமாட்டேன் என்கிறார். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்ட மனுஷன், வீட்டுக்கு வந்து நான் திரைகளை இடம் மாற்றி வைத்ததைச் சொன்னதும், வலது பக்கத்து வயர்தான் கோளாறு, நீ திரையை மட்டும்தானே மாற்றினாய் என்றார். கடைக்காரத் தம்பியை வரவழைத்து வயரையும் மாற்றிக் குத்தச் சொன்னேன், வலது பக்கம் மங்கலாகவேதான் இருந்தது. அன்று சாயங்காலம் முழுக்க அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், இரண்டு திரையும் அணைந்திருந்தன, விஷயம் அவருக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். காலையில் எழுந்து நானும் அந்தத் தம்பியும் சேர்ந்துகொண்டு அவரை ஏமாற்றுகிறோம் என்றார், ஆஸ்பத்திரித் திரைகளே சரியில்லை என்றார். கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பாப்பா சொல்லட்டும், மானிட்டர்ல குறை இல்லன்னு. அவ வாயால சொன்னா நான் போய்ப் படுக்கிறேன்.” சொல்லிவிட்டு, ஆனால் அவளிடம் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் என்னை உயிரோடு பார்க்கமாட்டாய் என்று எனக்கு ஒரு மிரட்டலும் போட்டார். நீ சொல்லமாட்டாய் என்கிற தைரியம்தான் அவருக்கு. ஒன்றும் தெரியாத நீயும் போன ஞாயிற்றுக்கிழமை, கவலைப்படாதீங்கப்பா, நிறம் பார்த்துச் சரிசெய்கிற கருவியோடு வருகிற மானிட்டர் ஒன்று இருக்கிறது, அடுத்த வாரம் சொல்கிறேன் என்றாய். போனை வைத்ததும் அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், தூக்குத் தண்டனை தள்ளிப்போன ஆள் மாதிரி இருந்தார்.

அதனால் நீதான் சொல்ல வேண்டும் கண்ணு. இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு அடுத்த மானிட்டரின் பெயரைக் கேட்பார், கொடுக்காதே. மூன்றிலும் ஒரு குறையும் இல்லை அப்பா, நான் அனுப்பியது நல்ல மானிட்டர், நீங்கள் போய்ப் படுங்கள் என்று சொல். சுற்றி வளைக்காதே, அவர் மனசு நோகுமே என்று நடுவில் இன்னொரு மாடலைப் பற்றிப் பேசிவிடாதே, பேசினால் அது வந்து சேருகிற வரைக்கும் காத்திருப்பார், இருபதாம் தேதி போய்விடும். கத்துவார், நீயுமா என்பார், போனை வைத்துவிடுவார். வைக்கட்டும், பக்கத்தில் நான் இருக்கிறேன். உன் குரல் நடுங்கினால் நடுங்கட்டும், அவர் உன்னைத் தூக்கி வளர்த்தவர், நீ பொய் சொல்கிறாயா இல்லையா என்று அவருக்குத் தெரியும். இந்தப் பாரத்தை உன் தலையில் வைப்பதற்கு என்னை மன்னித்துவிடு, என் வார்த்தை எடுபட்டிருந்தால் உனக்கு எழுதியிருக்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்ததும் நீ விரல் விட்டு எண்ணுவாய், நான் பேனல் பேனல் என்று சொல்லி நாலு மாதத்தை வீணாக்கிவிட்டேன் என்று. எனக்குத் தெரியும், நீ என் வயிற்றில் பிறந்தவள்தானே. நீ கடல் தாண்டி இருந்துகொண்டு அவர் சொன்னதைக் கேட்டுப் பதில் சொன்னாய். நான் ஒரே வீட்டில், தினம் அவர் தட்டில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எண்ணுவதாக இருந்தால் என்னிலிருந்து ஆரம்பி.

மாப்பிள்ளையிடம் இதைக் காட்டு, தனியாக வைத்துக்கொண்டு குமையாதே, வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனை எடு. அந்தக் கருவியோடு வருகிற மானிட்டருக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தால் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் மனசுக்குள் அதையேதான் சொல்வார்.

இருபதாம் தேதிக்கு முன்னால் உனக்கு லீவு கிடைத்து நீ வந்தால் ஒன்றை மட்டும் மறக்காதே. ஓடிவந்து கட்டிக்கொள்வதற்கு முன்னால் அப்பாவுக்கு இடது பக்கமாக வந்து நில். வலது பக்கம் நின்றால் நீ வந்திருப்பது அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் வருகைக்குக் காத்திருக்கும்
அம்மா